மச்சான் எப்படி நண்பன் ஆனான்?

அக்காளைக் கட்டியவர் வாசலில் வந்து நின்றால் "வாங்க மச்சான்". கூடப் படித்தவன் வந்து நின்றால் "வாடா மச்சான்". சொல் ஒன்றுதான். ஆனால் முதல் மச்சானுக்கு மரியாதைப் பன்மை உண்டு, நாற்காலி உண்டு, வந்ததும் காப்பி உண்டு. இரண்டாம் மச்சான் நேரே அடுப்படிக்குப் போய் என்ன குழம்பு என்று பார்க்கிறவன். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. நண்பனை மச்சி, மச்சா, மச்சு என்று எப்படி வேண்டுமானாலும் சுருக்கலாம். அக்காள் கணவரை யாரும் மச்சி என்று கூப்பிடுவதில்லை. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மச்சி என்பது அண்ணன் மனைவி போன்ற பெண் உறவினரைக் குறிக்கும் சொல் என்பதால், அங்கே அப்படிக் கூப்பிட்டால் பொருளே மாறிப்போகும்.

உயிருக்கு உயிரான கூட்டாளியை அழைக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நண்பன், தோழன், சிநேகிதன், சகா, கூட்டாளி, தெற்கத்திச் சேக்காளி, சென்னைத் தோஸ்த்து எல்லாம் இருக்கின்றன. சங்க அகப்பாடல்களில் தலைவனுக்குப் பாங்கன் இருந்தான். வள்ளுவர் நட்பு முதல் கூடா நட்பு வரை ஐந்து அதிகாரங்களை, அதாவது 50 குறள்களை, இந்த உறவுக்கென்றே ஒதுக்கினார். இருந்தும் தேநீர்க் கடை பெஞ்சிலும் கல்லூரி விடுதியிலும் கிரிக்கெட் ஆடும் பொட்டலிலும் ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடும்போது மச்சான், மாப்ள, மாமா என்று கல்யாண வீட்டு உறவுப் பெயர்கள்தான் வாயில் வருகின்றன. அவற்றிலும் முதலிடம் மச்சானுக்கு. கூடப்பிறந்தவனைக் குறிக்கும் சொல் இருக்க, பெண் கொடுத்து எடுக்கிறவனைக் குறிக்கும் சொல் ஏன் நட்பின் பெயரானது?

விடையைத் தமிழ்க் குடும்பத்தின் அமைப்பில்தான் தேட வேண்டும். தமிழ் உறவுமுறை, ஒருவனுடைய தலைமுறையைச் சேர்ந்த ஆண்களை இரண்டாகப் பிரிக்கிறது. பெரியப்பா, சித்தப்பா மகன்களும் பெரியம்மா, சின்னம்மா மகன்களும் ஒரு பக்கம். அவர்கள் அண்ணன் தம்பிகள், அவர்களுடைய தங்கை தனக்கும் தங்கை. மாமன் மகனும் அத்தை மகனும் மறுபக்கம். அவர்கள் மச்சான், மாப்பிள்ளை முறை, அவர்களுடைய தங்கை முறைப்பெண். 1949, 1950 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1953இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தப் பிரிவினைக்குப் புது விளக்கம் தந்தார். மச்சான் என்பவன் தாயின் வழியாகச் சுற்றிவந்து சொந்தமாகிறவன் அல்லன். கொள்வினை கொடுப்பினையே ஒரு தனி உறவு. சொத்தைப் போல அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. தந்தைக்கு மச்சானானவர் மகனுக்கு மாமன், அந்த மாமனின் மகன் இவனுக்கு மச்சான்.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் உணர்வில் உள்ள வேறுபாட்டை ஊரில் யாரும் பாடமாகப் படிப்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பிக்குள் வயது வரிசை உண்டு. அண்ணன் அதட்டலாம், தம்பி அடங்க வேண்டும். அதைவிட, அவர்களுக்கிடையே நிலம் இருக்கிறது. பங்கு கேட்கிறவன் என்பதாலேயே அவன் பங்காளி. வரப்புத் தகராறும் கிணற்றுத் தண்ணீர்த் தகராறும் பெரும்பாலும் பங்காளிகளுக்குள்தான். மச்சானுக்கு இந்த வீட்டு நிலத்தில் பங்கில்லை. அவன் வந்தால் பெண்ணோடும் சீரோடும் விருந்தோடும் வருகிறான். அவனோடு கேலி பேசலாம், பேசத்தான் வேண்டும். "கேலி பண்ற முறை" என்று கிராமத்தில் ஒரு தொடரே இருக்கிறது. மாரியம்மன் திருவிழாவின் மஞ்சள் நீராட்டில் குடத்தைத் தூக்கிக்கொண்டு முறைக்காரர்களைத் துரத்துவதற்கு அனுமதி தருவது அந்த முறைதான். திருமண வழி உறவில் பகைக்கும் பணிவுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது, அந்தக் கோட்டைக் காப்பாற்றவே பல சமூகங்கள் கேலியை விதியாக்கி வைத்திருக்கின்றன என்று ஆங்கிலேய மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் எழுதினார். ஆப்பிரிக்கச் சான்றுகளை முன்வைத்து அவர் எழுதியது தமிழ்க் கல்யாண வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

திருமணச் சடங்குகளிலும் மச்சானுக்கென்று தனி இடமிருக்கிறது. அக்கினிக்கு முன் மணமகளின் கையில் நெற்பொரி போடுகிறவன் அவளுடைய சகோதரன். பல சமூகங்களில் மாப்பிள்ளைத் தோழனாக மணமகனின் பக்கத்தில் அமர்கிறவனும் அவனே. தோழன் என்ற பதவியும் மைத்துனன் என்ற உறவும் அந்த மணவறையில் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. தெருவில் ஒலிக்கும் மச்சானுக்கு இதைவிட நெருக்கமான முன்னோடி வேண்டியதில்லை.

கடவுளர்களையும் தமிழகம் இப்படித்தான் சொந்தக்காரர்களாக்கியது. மதுரையில் மீனாட்சியின் அண்ணன் திருமால், ஆகவே சிவனும் திருமாலும் மச்சான்கள். திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் ஒவ்வொரு சித்திரையிலும் மதுரைக்கு வந்து தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கிறார். சைவமும் வைணவமும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட மண்ணில், இரு தெய்வங்களையும் ஒரே மணப்பந்தலில் அமர்த்த ஊர் கண்டுபிடித்த வழி இது. ஆண்டாளும் தன் கனவில் கைப்பிடிக்க வரும் கண்ணனை மைத்துனன் என்றே சொல்கிறாள்.

மகாபாரதத்தை இந்தக் கண்ணோடு படித்தால் கதையின் எலும்புக்கூடே தெரிகிறது. குந்தி வசுதேவரின் தங்கை. ஆகவே அருச்சுனனுக்குக் கண்ணன் மாமன் மகன். பின்னர் கண்ணனின் தங்கை சுபத்திரையை மணந்து அருச்சுனன் இரட்டை மச்சானாகிறான். அந்தப் பெருங்கதையின் ஈடற்ற நட்பு இந்த இருவருடையது. மறுபக்கம் மண்ணுக்காக மாய்கிற பாண்டவரும் கௌரவரும் பெரியப்பா, சித்தப்பா மக்கள், அதாவது பங்காளிகள். மாமன் மகளை மணப்பது தென்னாட்டார் வழக்கம் என்று பௌதாயன தர்மசூத்திரம் தனியே குறித்து வைத்திருக்கிறது. சுபத்திரையின் திருமணம் வடநாட்டு நெறிக்கு இடைஞ்சலாக இருந்ததால், அவள் கண்ணனின் உடன்பிறந்த தங்கையே அல்லள் என்று மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்க் காதுக்கு அந்தத் திருமணத்தில் விளக்க எதுவுமே இல்லை.

வட இந்தியாவோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தியில் மனைவியின் சகோதரன் ஸாலா. அதே சொல் தெருவில் வசவு. "உன் தங்கையை எடுத்தவன் நான்" என்ற இளக்காரம் அதில் இருக்கிறது. அக்காளைக் கட்டியவன் ஜீஜா, அவனுக்கு மரியாதை. பெண் எடுத்தவன் மேலே, கொடுத்தவன் கீழே என்று எண்ணும் சமூகத்தில் ஒரே உறவின் இரு முனைகளுக்கும் ஒரே பெயர் இருக்க முடியாது. தமிழில் அக்காள் கணவனும் மச்சான், மனைவியின் அண்ணனும் மச்சான். இன்று நீ கொடுத்தாய், நாளை என் மகளை உன் மகனுக்குத் தருவேன் என்று கணக்கு நேராகிக்கொண்டே இருக்கும் அமைப்பில்தான் இப்படி இருபுறமும் பொருந்தும் ஒரு சொல் பிழைக்கும். நான் உனக்கு மச்சான், நீ எனக்கு மச்சான் என்ற இந்தச் சரிசமம் நட்புக்கு இயல்பாகவே பொருந்தியது. அதற்காக மாப்பிள்ளை முறுக்கும் சீர்வரிசைச் சண்டையும் தமிழ்நாட்டில் இல்லையென்று ஆகிவிடாது. மாப்பிள்ளைக்கு ஒரு படி மேலான இடம் இங்கும் உண்டு, வரதட்சணை அதை இன்னும் உயர்த்தியிருக்கிறது. ஆனாலும் அந்த வேற்றுமை மச்சான் என்ற சொல்லுக்குள் நுழையவில்லை.

இதே உறவுமுறை உள்ள அண்டை மொழிகளும் இதையே செய்திருக்கின்றன. மலையாளத்தில் அளியன் என்றால் மைத்துனன், நண்பனைக் கூப்பிடுவதும் அளியா என்றுதான். தெலுங்கு இளைஞர்களுக்குள் பாவா, மாமா. பெங்களூரில் கன்னடக்காரர்கள் மகனே என்னும் பொருளில் மகா என்பார்கள், கூடவே மச்சாவும் புழங்குகிறது. நாகர்கோவில் பக்கத்து மக்கா இதிலிருந்து சற்று விலகிய வழக்கு. மக்கள் என்ற சொல்லிலிருந்து வந்த அந்த விளி, வயது பாராமல் எல்லாரையும் பிள்ளையாக்கி அணைத்துக்கொள்கிறது.

இந்தச் சொல் தன் முழு உயரத்தில் நிற்பது இலங்கையில். அங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மச்சான் எவ்வளவு இயல்போ, சிங்களவருக்கு மச்சங் அவ்வளவு இயல்பு. சிங்களக் குடும்பத்திலும் மாமன் மகனும் அத்தை மகனும் மஸ்ஸினா, அவர்களின் சகோதரிகள் நேனா என்று முறை இருக்கிறது. கண்டி மலைப்பகுதிச் சிங்கள ஊர்களின் திருமண அமைப்பைப் பற்றி நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட நூல், தமிழ்நாட்டு வாசகருக்குத் தன் ஊர்க் கதை போலவே இருக்கும். இரண்டு மொழிகளும் அரசியலில் எதிரெதிராக நிறுத்தப்பட்ட தீவில், இரு பக்கத்து இளைஞனும் தன் உயிர்த்தோழனை ஒரே சொல்லால் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இது சாதாரணச் செய்தி அல்ல. உறவுமுறை மொழியெல்லையை மதிப்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அந்தச் சொல்லே ஒரு திரைப்படத்தின் பெயராகவும் ஆனது. 2004 செப்டம்பரில், இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போய், சில ஆட்டங்களில் படுதோல்வி அடைந்து, ஒரு காலையில் காணாமல் போனார்கள். இலங்கைக்கு அப்போது அப்படியொரு தேசிய அணியே கிடையாது. இதை வைத்து உபெர்டோ பசோலினி 2008இல் எடுத்த படத்துக்குப் பெயர் 'மச்சான்'. ஊரைவிட்டுப் போக வழிதேடும் கொழும்புச் சேரி இளைஞர்களை, சிங்களவர் தமிழர் வேறுபாடின்றி, ஒரே அணியாக்கும் கதைக்கு வேறு பெயர் பொருந்தியிருக்காது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கதை அவ்வளவு இனிமையானதல்ல. தமிழர் தமக்குள் மச்சான் என்பது நட்பு. மற்ற இனத்தார் இந்தியர்களைப் பொதுவாக மச்சா என்று குறிக்கும்போது சிலர் அதை நெருக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள், சிலருக்கு அது சுடுகிறது. தமிழ் முஸ்லிம்களின் உணவுக் கடைகளுக்கு மமாக் என்ற பெயர் வந்ததும் மாமா என்ற உறவுச் சொல்லிலிருந்துதான். உறவுப் பெயர் ஓர் இனத்தின் பெயராக மாறும்போது அதிலுள்ள சரிசமம் கழன்றுவிடுகிறது. திருப்பிச் சொல்ல முடியாத மச்சான் மச்சானே அல்ல.

தொலைவில் ஒரு வியப்பான ஒற்றுமையும் இருக்கிறது. அமேசான் காட்டுப் பழங்குடிகள் பலரின் உறவுமுறை, தமிழரைப் போலவே மாமன் மகன், அத்தை மகன் முறையில் அமைந்தது. மானிடவியலாளர் அதைத் திராவிட வகை என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். பிரேசிலுக்கு வந்திறங்கிய போர்த்துக்கீசியருக்குப் பெண் கொடுத்து மைத்துனராக்கிக்கொண்டதன் மூலமே பூர்வகுடிகள் அவர்களைத் தம் உலகத்துக்குள் சேர்த்தார்கள் என்றும், அந்த மைத்துன முறையிலிருந்தே பிரேசில் மக்கள் உருவானார்கள் என்றும் தார்சி ரிபெய்ரோ 1995இல் எழுதினார். அந்நியனைச் சொந்தமாக்க மச்சானாக்குவதே வழி என்பது தமிழர் மட்டும் கண்டதல்ல.

தமிழக அரசியல் மேடைகளில் மச்சானுக்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவும் சோவியத் நாடும் சுற்றித் திரும்பிய பெரியார், 1932இல் திரு, ஸ்ரீ எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தோழர் என்று அழைக்கச் சொன்னார். பொதுவுடைமை இயக்கத்தில் அது இன்றுவரை நிலைத்தது. திராவிட முன்னேற்றக் கழகமோ குடும்பச் சொற்களுக்குத் திரும்பியது. அண்ணாதுரை எல்லாருக்கும் அண்ணா, அவர் கடிதம் எழுதியது தம்பிக்கு, கருணாநிதி முரசொலியில் எழுதியது உடன்பிறப்புக்கு. எம்.ஜி.ஆரின் தொண்டர்கள் ரத்தத்தின் ரத்தங்கள். இவை யாவும் பங்காளி வகைச் சொற்கள். தலைவன், தொண்டன் என்ற படிநிலை இருக்கும் இடத்தில் அண்ணன் தம்பிதான் ஒத்துவரும். தென்மாவட்டங்களில் இந்து முஸ்லிம் ஒற்றுமையைப் பேச வரும் தலைவர்கள் மட்டும் "மாமன் மச்சானா பழகுறவங்க" என்ற ஊர் வழக்கைக் கடன் வாங்குகிறார்கள். அந்த இடத்தில் சரிசமம் தேவைப்படுகிறது, வேறு எந்தச் சொல்லாலும் அதைச் சொல்ல முடியவில்லை.

ஊருக்குள் இந்தச் சரிசமம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை என்பதே இந்தச் சொல்லின் கசப்பான பக்கம். கிராமத்தில் சாதி தாண்டி மாமன், மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய ஒரே படியில் இருந்தவர்கள். தலித் முதியவர் ஒருவர் ஆதிக்கச் சாதிச் சிறுவனைச் சாமி என்றும் ஐயா என்றும் அழைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறுவன் அவரைப் பேர் சொல்லி அழைத்தான். மச்சான் என்று அவர் சொல்லியிருந்தால் அது கேலியாகக்கூட எடுத்துக்கொள்ளப்பட்டிருக்காது, குற்றமாகியிருக்கும். ஏனென்றால் "உன் வீட்டுப் பெண்ணை எடுக்க எனக்கு முறை உண்டு" என்பது அந்தச் சொல்லின் அடியிலேயே இருக்கிறது.

பூட்டை உடைத்தது கல்லூரி. 1980களின் நடுவில் தனியார் பொறியியல் கல்லூரிகள் தொடங்கி, பின் 500க்கும் மேல் பெருகி, வெவ்வேறு சாதிப் பையன்கள் ஒரே விடுதி அறையில் நான்கு ஆண்டுகள் படுத்து எழுந்தார்கள். அங்கே யாருக்கு யார் என்ன முறை என்று கேட்க ஆளில்லை. எல்லாரும் எல்லாருக்கும் மச்சான். இந்தப் பையன்களின் பேச்சை மதுரையிலும் சென்னையிலும் கூடவே இருந்து கவனித்த அமெரிக்க ஆய்வாளர் கான்ஸ்டன்டைன் நகாசிஸ், 2014இல் வெளியிட்ட கட்டுரையில் அதை 'நிறுத்திவைக்கப்பட்ட உறவு' என்றார். பொருத்தமான பெயர். மச்சான் என்று கூப்பிடும்போது "உன் தங்கையை எனக்குத் தா" என்ற கேலி உள்ளே ஓடுகிறது, ஆனால் அது கேலியாகவே நின்றுவிட வேண்டும். நண்பனின் வீட்டுக்குப் போனால் அவன் தங்கை தனக்கும் தங்கை. அவளைக் காதலித்தால் நட்பு முறிந்தது என்பது எழுதாத சட்டம். வாயில் மச்சான், வீட்டு வாசலில் அண்ணன்.

அந்தச் சட்டத்துக்கு நட்பு நாகரிகம் மட்டும் காரணமல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் சொந்தத்திலேயே மணந்தவர்கள். இந்திய அளவில் அது 11. எஞ்சியவர்களிலும் மிகப் பெரும்பாலோர் சாதிக்குள்ளேயே மணந்தவர்கள். வாயளவில் ஊரெல்லாம் மச்சானாகலாம், மணவறையில் முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மீறி மணந்த தலித் பொறியியல் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலித்துக் கைப்பிடித்தவளும் அவருடன் அதே கல்லூரியில் படித்தவள். விடுதி அறையில் எவ்வளவு எளிதாக ஒருவன் மச்சானாகிறான் என்பதையும், உண்மையிலேயே மச்சானாக வந்து நிற்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தச் சொல்லைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

பெண்களின் வாயில் இந்தச் சொல் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. நாட்டுப்புறப் பாட்டில் மச்சான் என்றால் காதலன், கணவன். 1976இல் வந்த 'அன்னக்கிளி'யில், இளையராஜாவின் முதல் படத்தில், எஸ். ஜானகியின் குரலில் நாயகி ஊரெங்கும் தேடுவது அந்த மச்சானைத்தான். 2011இல் வந்த 'மங்காத்தா'வில் பாட்டுக்குள் வருகிற மச்சியோ முழுக்கக் குடிக் கூட்டாளி. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் திரைப்பாட்டில் சொல்லின் எடை காதலிலிருந்து நட்புக்கு நகர்ந்துவிட்டது. சூரத்தில் பிறந்த நடிகை நமீதா, கலைஞர் தொலைக்காட்சியின் 'மானாட மயிலாட' நடுவர் இருக்கையிலிருந்து ரசிகர்களை மச்சான்ஸ் என்று விளித்தபோது தமிழ்நாடே சிரித்துக் கூச்சப்பட்டது. அவர் நட்பாகத்தான் சொன்னார். பெண்குரலில் வந்ததால் பழைய பொருள் விழித்துக்கொண்டது.

இப்போது கல்லூரிப் பெண்கள் தமக்குள் மச்சி என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள், ஆண் நண்பனையும் அப்படியே அழைக்கிறார்கள். ஈழத்தில் முறைப்பெண்ணுக்கு மச்சாள் என்ற அழகான சொல் இருந்தும் அது நட்பு விளியாகத் தமிழ்நாட்டுக்கு வரவில்லை, ஆண்களின் சொல்லையே பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். இது வெறும் பாவனை அல்ல. முறை சொல்லி ஒதுங்க வேண்டிய இடத்தில் முறையைக் கையில் எடுத்து விளையாடும் உரிமை முதல்முறையாகப் பெண்ணுக்கும் வந்திருக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரையும் பார்சல் கொண்டுவருகிற பையனையும் அழைக்க ப்ரோ வந்துவிட்டது. அண்ணன் தம்பிச் சொல்லின் வயது வரிசையைத் தவிர்க்க அது உதவுகிறது, முகமறியாதவரிடம் சட்டென்று பேச்சைத் தொடங்கவும் வசதி. ஆனால் நள்ளிரவில் வண்டி பழுதாகி நிற்கிறவன் கைபேசியில் எண்ணைத் தேடி அழைத்து "மச்சான், எங்கடா இருக்க?" என்றுதான் கேட்கிறான்.